சுவிட்சை அணைத்த பிறகும் மின்னும் பல்ப்

கேள்வி: நான் பண்டாரவளையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. கட்டாரில் வேலை செய்யும் மகன் லீவில் வந்தபோது போனால் இயக்கும் சுவிட்ச் மூன்றும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஒன்றும் கொண்டுவந்து, பழைய சுவிட்சுகளைக் கழற்றிவிட்டு மாட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகு தொல்லை தொடங்கிவிட்டது. விறாந்தையிலும் அறைகளிலும் லைட்டை அணைத்த பிறகும் பல்ப் சில விநாடிக்கு ஒருமுறை மின்னி மின்னி மறைகிறது. எண்பத்தாறு வயது மாமி தூங்க முடியாமல் பாயை எடுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்துவிட்டார். ஹோலில் நான்கு பல்ப் மாட்டும் தொங்கு விளக்கு. இரண்டு எல்ஈடி, இரண்டு பழைய சுருள் பல்ப். டிம்மரைக் குறைத்தால் இரைச்சலும் துடிப்பும். பாதிக்குக் கீழே போனால் அப்படியே அணைந்துவிடுகிறது. மாட்டியதிலிருந்து இரண்டு பல்ப் போய்விட்டன. இரவில் கரண்ட் போய் வந்தால் வீடு முழுக்க லைட் தானாக எரிகிறது. பல்ப் பிழையா, சுவிட்ச் பிழையா? பேசாமல் பழைய குண்டு பல்புக்கே போய்விடலாமா? தீப்பிடிக்குமோ என்றுதான் பெரிய பயம். சுவிட்சுகளோடு தீப்பெட்டியை விடச் சின்னதாக, இரண்டு கம்பி வைத்த வெள்ளைத் துண்டு மூன்று வந்தன. மகன் தேவையில்லை என்றார். மேசை லாச்சியில் கிடக்கின்றன.

பதில்:

டீச்சர், உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். லாச்சிக்குள் கிடக்கும் அந்த மூன்று துண்டுகளையும் யாரும் குப்பையில் போட்டுவிடாமல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். உங்கள் வீட்டுத் தொல்லையில் பாதிக்கு மருந்து அதுதான். மகன் மேல் கோபப்படாதீர்கள். புதுக் கட்டடங்களின் வயரிங்கைப் பார்த்துப் பழகிய யாருக்கும் அது தேவையில்லாத சாமான் போலத்தான் தெரியும்.

ஆனால் தீயைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அறைகளில் பல்ப் மின்னுவது எரிச்சலான விஷயம், அந்த மின்னலால் தீப்பிடிக்காது. ஹோல் கதை வேறு. டிம்மரில் சுருள் பல்ப், அதாவது சீஎஃப்எல், மாட்டவே கூடாது. முழு வெளிச்சத்தில் வைத்தாலும் கூடாது. இன்றைக்கே மெயின் சுவிட்சை அணைத்து, பல்ப் ஆறியதும் அந்த இரண்டையும் கழற்றிவிடுங்கள். பழைய சுவிட்ச் வீட்டில்தான் இருக்கும், தெரிந்த வயரிங் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு டிம்மரைக் கழற்றி அதையே திரும்ப மாட்டச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. அதுவரைக்கும் ஹோலில் மேசை விளக்கு ஒன்றை வைத்துச் சமாளியுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால் நான் அதைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். சீஎஃப்எல் பல்ப் நம் கடைகளில் பரவத் தொடங்கிய காலத்தில் நுவரெலியாவில் ஒரு விருந்தினர் இல்லத்தில் அறைக்கு அறை பழைய டிம்மர் இருந்தது. பில்லைக் குறைக்க வேண்டும் என்று முதலாளி குண்டு பல்புகளை எல்லாம் எடுத்துவிட்டு அதே ஹோல்டர்களில் சுருள் பல்ப் மாட்டச் சொன்னார், நானும் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். சில வாரத்தில் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு என்று போகத் தொடங்கியது. கடைசியாக ஒரு அறையில் வாசம் வருகிறது என்று கூப்பிட்டார்கள். பல்பைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளையாக இருந்த அடிப்பகுதிப் பிளாஸ்டிக் கடுஞ்சாயத் தேநீர் நிறத்துக்குப் பழுத்திருந்தது, பெருவிரலால் அழுத்தியதும் கிரீம் கிரக்கர் மாதிரி நொறுங்கி விழுந்தது. உள்ளே இருந்த சின்ன சர்க்கிட் பலகையில் ஒரு மூலை கரி. மேலே மரச் சீலிங். அன்றைக்கே எல்லா அறை டிம்மரையும் கழற்றினேன், அந்த வேலைக்குக் காசு வாங்கவில்லை.

சரி, இனி காரணத்துக்கு வருவோம். நீங்கள் படிப்பித்தவர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய சுவிட்ச் வெறும் கதவு. திறந்தால் கரண்ட் போகும், மூடினால் நிற்கும், தனக்கென்று அதற்கு எதுவும் வேண்டாம். போனால் இயங்கும் சுவிட்சுக்குள் ஒரு சின்ன ரேடியோ இருக்கிறது, லைட் அணைந்திருக்கும்போதும் அது வைஃபையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் கரண்ட் எந்நேரமும் வேண்டும். கரண்ட் எடுக்க வரும் கம்பி ஒன்றும் திரும்பிப் போகும் கம்பி ஒன்றும் தேவை. பாடப் புத்தகத்தில் உயிர்க்கம்பி, நொதுமல் கம்பி என்று வருமே, நாங்கள் லைவ், நியூட்ரல் என்கிறோம். மலையகத்தில் நான் திறந்து பார்த்த வீடுகளில் பெரும்பாலும் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் இறங்குவதே இல்லை. அது சீலிங்குக்கு மேலாலேயே நேராக பல்புக்குப் போய்விடும். சுவிட்சுக்கு லைவ் ஒன்று இறங்கும், அங்கிருந்து பல்புக்கு ஒன்று ஏறும், அவ்வளவுதான். கட்டினவர்கள் செய்தது பிழையில்லை, அந்தக் காலத்துச் சுவிட்சுக்கு அதுவே போதும்.

இப்படி நியூட்ரல் இல்லாத பெட்டிக்கென்றே செய்த சுவிட்சுகள் இருக்கின்றன, மகன் கொண்டுவந்தவையும் அந்த வகைதான் என்று அந்த வெள்ளைத் துண்டுகளே சொல்கின்றன. அவை தங்களுக்கு வேண்டிய கரண்ட்டை பல்ப் வழியாகத் திருப்பி அனுப்பும். லைட் அணைந்திருக்கும்போதும் சில மில்லி அம்பியர் பல்புக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

குண்டு பல்ப் இருந்த காலத்தில் இது யாருக்கும் தெரியாது. அதற்குள் இருப்பது ஒரு இழை, சில மில்லி அம்பியர் அதற்கு ஒன்றுமே இல்லை, சூடாகாது, ஒளிராது. எல்ஈடிக்கும் சீஎஃப்எல்லுக்கும் உள்ளே ஒரு கொள்ளளவி இருக்கிறது, கெப்பாசிட்டர். பீலியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தாலும் கீழே வைத்த வாளி எப்படியும் ஒரு நேரம் நிரம்பத்தானே செய்யும். அதே மாதிரி அந்தக் கசிவு கெப்பாசிட்டரில் சேர்ந்து சேர்ந்து, போதிய அளவு வந்ததும் பல்ப் ஒரு கணம் எரிந்து சேர்ந்ததைச் செலவழித்துவிடும். திரும்பவும் முதலிலிருந்து நிரம்பும். மாமி இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது இதைத்தான்.

அந்த வெள்ளைத் துண்டு இந்தக் கசிவுக்கு வேறு வழி வெட்டிக் கொடுக்கிறது. அதுவும் ஒரு கெப்பாசிட்டர்தான். பல்புக்குப் பக்கவாட்டில், பல்ப் ஹோல்டரின் இரண்டு கம்பிக்கும் குறுக்கே சமாந்தரமாகக் கட்ட வேண்டும். சுவிட்ச் பெட்டிக்குள் அல்ல, மேலே சீலிங்கில். இந்த வேலைக்கு மாட்டும் கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபரட் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், நம் 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸில் அதன் வழியாகப் போவது ஏறக்குறைய 7 மில்லி அம்பியர். கசிவு முழுக்க அந்தப் பக்கம் போய்விடும், பல்புக்குள் சேராது, மின்னாது. மீட்டரில் இதற்கென்று எண்ணத்தக்க அளவு யூனிட் ஓடாது. ஒரு சுவிட்சின் கீழ் மூன்று நான்கு பல்ப் இருந்தாலும் ஒரு துண்டு போதும்.

ஒன்று மட்டும் கவனம். ஒரு துண்டு தொலைந்துவிட்டால் அதற்குப் பதிலாக வீட்டில் கிடக்கும் ஃபேன் கெப்பாசிட்டரைக் கட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். அது பத்து இருபது மடங்கு பெரியது. 275 வோல்ட், எக்ஸ்2 என்று எழுதியிருப்பதுதான் இந்த இடத்துக்கு உரியது. பழுதானாலும் தீப்பிடிக்காதபடி செய்யப்பட்ட வகை அது.

மகன் மூன்று சுவிட்ச் மாட்டியிருக்கிறார், மூன்று துண்டு இருக்கிறது, கணக்குச் சரி. ஆனால் பாஸ் வந்து துண்டைக் கட்டுவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் சிலவற்றில் சுவிட்சை லைவில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். அப்படி என்றால் சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் முழு 230 வோல்ட்டும் நிற்கும். குண்டு பல்ப் காலத்தில் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள், எல்ஈடி மாட்டியதும் லேசாக ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். இதைப் பார்க்க ஒரு வழி: எலக்ட்ரோனிக் சுவிட்சைக் கழற்றி, பழைய சாதாரண சுவிட்சை அதே கம்பிகளில் மாட்டி, அணைத்து வைத்து, ஹோல்டரின் இரண்டு முனையையும் டெஸ்டரால் தொட்டுப் பார்ப்பது. ஒன்றில் நன்றாக எரிந்தால் வயரிங் மாறியிருக்கிறது. அதைத் திருத்தாமல் எந்தப் புதுச் சுவிட்சும் மாட்டக் கூடாது. இது உங்களுக்கான வேலை இல்லை, பாஸுக்கானது.

கறுப்புக் கம்பி விஷயம் இன்னொன்று. பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல் (இப்போது மண்ணிறமும் நீலமும்). சுவிட்சுக்கு இறக்கிய ஜோடிக் கம்பியும் சிவப்பும் கறுப்புமாகத்தான் இருக்கும், ஆனால் அங்கே கறுப்பு நியூட்ரல் இல்லை, பல்புக்கு ஏறுகிற கம்பி! நிறத்தை மட்டும் பார்த்து 'ஆ, நியூட்ரல் இருக்கிறதே' என்று நினைத்து, நியூட்ரல் கேட்கும் சுவிட்சை வாங்கி மாட்டி, அது பத்து விநாடிக்கு ஒருமுறை செத்துச் செத்துப் பிழைப்பதைப் பார்த்து சுவிட்ச் பழுது என்று கடையில் போய்ச் சண்டை பிடித்தவர்களை எனக்குத் தெரியும். நிறத்தை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும்.

அப்புறம், இந்த வகைச் சுவிட்ச் உள்ள ஹோல்டரில் பல்ப் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன கசிவு எந்நேரமும் இருக்கிறது. அந்த லைட்டுக்குரிய பிரேக்கரை, அது எது என்று தெரியாவிட்டால் மெயினை, அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சின்ன அதிர்ச்சிதான் அடிக்கும் என்று சொல்வார்கள், மேசைமேல் ஏறி நின்று கையை உயர்த்தியிருக்கும் ஒருவருக்குச் சின்ன அதிர்ச்சியே விழுவதற்குப் போதும்.

இனி ஹோல் டிம்மர். வழமையான டிம்மர் கரண்ட்டைக் குறைப்பதில்லை, வெட்டுகிறது. விநாடிக்கு 100 அரைச் சுற்று வருகிறது, ஒவ்வொன்றின் முன்பகுதியையும் வெட்டிவிட்டு மிச்சத்தை விடும். அதற்குள் இருக்கும் ட்ரயாக் என்ற சாமான் ஒருமுறை திறந்தால், ஒரு குறைந்தபட்ச அளவு கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் திறந்தே நிற்கும். நான்கு 60 வாட் குண்டு பல்ப் என்றால் 240 வாட், ஒரு அம்பியருக்குக் கொஞ்சம் மேல், தாராளம். நான்கு 9 வாட் எல்ஈடி என்றால் 36 வாட். 0.16 அம்பியர்தான் வருகிறது, அதுவும் சீராக ஓடாமல் விட்டுவிட்டுக் குத்துக் குத்தாக ஓடும். ட்ரயாக் நடுவில் மூடிக்கொள்ளும், திரும்பத் திறக்கும். அதுதான் துடிப்பு. பாதிக்குக் கீழே போனதும் அணைந்துவிடுவதும் அதனால்தான். இரைச்சல், ஒவ்வொரு வெட்டிலும் பல்புக்குள் திடீரென்று பாயும் கரண்ட் உள்ளே உள்ள சுருளையும் கெப்பாசிட்டரையும் அதிரவைப்பதால் வருவது. இரண்டு பல்ப் போனதற்கும் அந்தப் பாய்ச்சல்தான் காரணமாக இருக்க வேண்டும். டிம்மரின் பின்பக்கத்தில் குறைந்தபட்சம் இத்தனை வாட் என்று எழுதியிருக்கும், கழற்றும்போது பார்க்கச் சொல்லுங்கள். 40 அல்லது 60 என்று இருந்தால் உங்கள் 36 வாட் அதற்குப் போதாது.

ஆக, பல்ப் பிழையா சுவிட்ச் பிழையா என்றால் இரண்டுமே பழுதில்லை. ஒன்றுக்கொன்று பொருந்தாதவற்றை ஒரே கம்பியில் கட்டியிருக்கிறோம். டிம்மரையும் பல்பையும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், ஒன்றை கட்டாரிலும் மற்றதை டவுன் கடையிலும் தனித்தனியாக வாங்கினால் பொருந்துவது அதிர்ஷ்டம்.

ஜோடி பார்ப்பது கஷ்டமில்லை. பல்ப் பெட்டியில் 'டிம்மபிள்' என்று எழுதியிருக்க வேண்டும், எழுதாவிட்டால் அது டிம்மருக்கானது இல்லை, கடைக்காரர் 'பிரச்சினை இல்லை, எரியும்' என்று சொன்னாலும் வாங்காதீர்கள். எரியும்தான், எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. டிம்மர் 'ட்ரெய்லிங் எட்ஜ்' வகையாக இருந்தால் நல்லது. அது அரைச் சுற்றின் முன்பகுதியை விட்டுவிட்டுப் பின்பகுதியை வெட்டுகிறது, பல்புக்குள் அந்தக் குத்துப் பாய்ச்சல் இல்லை, இரைச்சலும் மிகவும் குறையும். மேல் எல்லையிலும் ஏமாற வேண்டாம்: பழைய வகை டிம்மரில் 400 வாட் என்று இருந்தால் அது குண்டு பல்ப் கணக்கு, எல்ஈடிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, 40 வாட் என்று எடுத்துக்கொள்வதுதான் எங்கள் தொழிலில் பாதுகாப்பான பழக்கம். நான்கு பல்பும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலாக இருக்கட்டும். நான்கு விதமாக மாட்டினால் நான்கும் நான்கு விதமாக மங்கும்.

இன்னொரு வழி, பல்புக்குள்ளேயே எல்லாம் உள்ள ஸ்மார்ட் பல்ப். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதைத் தானே உள்ளே செய்துகொள்ளும், நியூட்ரல் பிரச்சினையே வராது, வயரிங்கில் கை வைக்க வேண்டியதில்லை, வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அதற்குச் சுவரில் சாதாரண சுவிட்ச்தான் இருக்க வேண்டும், ஒருபோதும் டிம்மர் கூடாது. சுவர் சுவிட்சை யாராவது அணைத்துவிட்டால் போனில் எத்தனை முறை அழுத்தினாலும் அது எரியாது, அதனால் மாமி வழக்கம்போலச் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனால் மகன் கட்டாரில் இருந்துகொண்டு 'வேலை செய்யவில்லையே' என்பார். பெற்றரியில் ஓடும் ஒட்டுச் சுவிட்ச் ஒன்றை அதற்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் தீரும். உங்கள் டவுன் கடையில் ஸ்மார்ட் பல்ப் வாங்கும்போது இரு பக்கமும் சின்ன முனை நீட்டிய பின் வகையா திருகு வகையா என்று ஹோல்டரைப் பார்த்துவிட்டுப் போங்கள், நம் பழைய வீடுகளில் பின் வகைதான் அதிகம், ஸ்மார்ட் பல்புகளில் திருகு வகைதான் சுலபமாகக் கிடைக்கிறது. இடையில் மாட்டும் அடாப்டர் இருக்கிறது, ஆனால் ஹோல்டரையே மாற்றுவது மேல்.

உங்கள் ஹோலுக்கு நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று கேட்டால், திருகிக் கூட்டிக் குறைக்கும் சாதாரண ட்ரெய்லிங் எட்ஜ் டிம்மர் ஒன்றும், டிம்மபிள் எல்ஈடி நான்கும். போன் வேண்டாம். வைஃபை வேண்டாம். வருகிறவர் எவரும் சொல்லிக்கொடுக்காமல் இயக்கலாம். மாமியின் அறையில் அந்தப் போன் சுவிட்சையே எடுத்துவிட்டுப் பழைய சுவிட்சை மாட்டுங்கள், இருட்டில் கை தடவிப் போகும் இடத்தில் அவருக்குப் பழகிய சுவிட்ச் இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். எண்பது வயதுக்காரர் நடு இரவில் எழும்பி பாத்ரூம் போகும்போது லைட்டுக்காகப் போனையும் ரவுட்டரையும் நம்ப வேண்டிய நிலையை எந்த வீட்டிலும் நான் உண்டாக்கிக் கொடுக்க மாட்டேன். கதவோரம் தரைமட்டத்தில் அரை வாட் இரவு விளக்கு ஒன்று போதும், மாதம் முழுக்க இரவும் பகலும் எரிந்தாலும் அரை யூனிட்கூட வராது. மாமியின் அறையை விட்டுவிட்டால் மிச்சம் இரண்டு சுவிட்சுக்கு இரண்டு துண்டைக் கட்டுங்கள், மூன்றாவது கைவசம் இருக்கட்டும்.

விறாந்தைக்குப் போன் சுவிட்ச் நல்ல விஷயம்தான். ஊருக்குப் போனால் மாலையில் தானாக எரிந்து காலையில் அணையும்.

கரண்ட் வந்ததும் எல்லாம் எரிவது சின்னப் பிரச்சினை. போனில் அந்தச் செயலியைத் திறந்து ஒவ்வொரு சுவிட்சின் அமைப்பிலும் பாருங்கள், மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு இடம் இருக்கும். எரி, அணை, முன்பிருந்த நிலை என்று மூன்று. 'முன்பிருந்த நிலை' என்று மாற்றிவிடுங்கள். 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததே, அந்த மாதங்களில் இந்த ஒரு அமைப்பைச் சொல்லிக்கொடுக்கவே எனக்கு எத்தனையோ அழைப்பு வந்தது. இடிமின்னல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர மழையோடு வரும் இடி இந்தச் சுவிட்சுகளுக்கு எமன், பழைய சுவிட்சுக்கு ஒன்றும் ஆகாத இடத்தில் இதற்குள் இருக்கும் பலகை கருகும். மெயின் பலகையில் மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்று போட முடிந்தால் போடுங்கள், நல்ல எர்த் இருந்தால்தான் அது வேலை செய்யும், அதையும் அளக்கச் சொல்லுங்கள்.

கழற்றிய சுருள் பல்புகளை டிம்மர் இல்லாத இடத்தில், கோடிப்புறம் மாதிரி, ஆயுள் முடியும்வரை எரிக்கலாம். ஆனால் உங்கள் ஊர்க் குளிரில், இங்கே நுவரெலியாவில் 1868 மீற்றர் உயரத்தில் இன்னும் மோசம், ஜனவரிப் பனியில் அது முழு வெளிச்சம் வர நிமிடக் கணக்கில் எடுக்கும், உள்ளே இருக்கும் பாதரசம் ஆவியாக வேண்டுமே. எல்ஈடிக்குக் குளிர் பிடிக்கும், நம் மலைக்கு ஏற்ற பல்ப் அதுதான். சுருள் பல்ப் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருந்துவிட்டு வந்து, தும்புத்தடியால் கூட்டாமல் மட்டை ஒன்றால் வாரி, துணியை நனைத்துத் துடைத்து, எல்லாவற்றையும் ஒரு போத்தலில் போட்டு மூடி வையுங்கள். பாதரசம் சில மில்லி கிராம்தான், ஆனாலும் பிள்ளைகள் தவழும் தரை.

இந்தப் பொருந்தாமை புதிதும் இல்லை. வீட்டு மின்சாரக் கம்பி வழியாகவே செய்தி அனுப்பி லைட்டை இயக்கும் எக்ஸ்10 என்ற முறையை ஸ்கொட்லாந்தில் 1975இலேயே செய்துவிட்டார்கள். அதன் டிம்மர்களும் குண்டு பல்புக்காகச் செய்தவை. பிறகு சீஎஃப்எல் வந்ததும் அங்கேயும் இதே கதைதான், அணைத்த பல்ப் மின்னியது, போதாததற்கு அந்தப் பல்புகள் கம்பியில் எழுப்பிய இரைச்சலில் செய்தியே போய்ச் சேரவில்லை. சுவிட்ச் செய்கிறவர்கள் ஒரு பல்பை மனதில் வைத்துச் செய்வார்கள், பல்ப் மாறிவிடும், நடுவில் அகப்படுகிறவர்கள் வீட்டுக்காரர்கள்.

கடைசிக் கேள்வி, குண்டு பல்புக்கே போய்விடலாமா. வேண்டாம் டீச்சர், தயவுசெய்து வேண்டாம். ஹோலில் நான்கு 60 வாட், நாளுக்கு ஐந்து மணி நேரம், மாதம் 36 யூனிட். அதே வெளிச்சத்துக்கு நான்கு 9 வாட் எல்ஈடி, 5.4 யூனிட். நம் கட்டணத்தில் 60 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே மாறிவிடும், இந்த 30 யூனிட் வித்தியாசத்தில் எத்தனையோ வீட்டு பில் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது தீர்மானமாகிறது. இதோடு சேர்த்து ஒன்று: எல்ஈடியை டிம்மரில் பாதியாகக் குறைத்தால் மிச்சமாவது அந்த 5.4இல் பாதிதான். டிம்மர் பில்லுக்காக இல்லை, கண்ணுக்கு இதமாக இருக்க. மிச்சம் பிடிக்கத்தான் டிம்மர் என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

நான் இந்த யூனிட் கணக்கில் இவ்வளவு கண்ணாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே உள்ள அணையின் தண்ணீரில் பழைய லக்சபான மின்நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது, இந்த ஆறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எழுதி வைத்துவிட்டார். எங்கள் லயத்துக்கு மேலால் தடித்த கம்பிகள் கொழும்புப் பக்கம் போகும், மழை நாளில் அவை இரைவது படுத்திருக்கும்போது கேட்கும். கீழே நான் குப்பி விளக்கில் படித்தேன். காலையில் மூக்கைத் துடைத்தால் துணியில் கரி இருக்கும். எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்தபோது எனக்குப் பதினாறு வயது, அம்மா அந்த ஒரு பல்பை அணைக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அதனால்தான் ஒரு பல்ப் வீணாக எரிவதும், வீணாகப் பழுதாவதும் எனக்குப் பொறுக்காது.

பாஸ் வரும் நாளில் டிம்மரின் பின்பக்கத்தையும், சுவிட்ச் பெட்டிக்குள் கம்பிகள் இருக்கும் விதத்தையும் தொடுவதற்கு முன் போனில் படம் எடுத்துவைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். எந்தக் கம்பி எதில் இருந்தது என்று பிறகு தேட வேண்டி வராது, மகனுக்கும் காட்டலாம். வேலையை மாமியின் அறையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், அன்றிரவே அவர் பாயைத் திரும்பக் கொண்டுபோகலாம்.